கடல் வாங்குகிறதா?

2023 டிசம்பர் 4ஆம் தேதி காலை, எங்கள் அடுக்ககத்துப் படிக்கட்டில் ஐந்தாவது படி வரை தண்ணீர் நின்றது. தென்சென்னையில் வேளச்சேரிக்குக் குடிவந்து பதினாலு வருடம் ஆகிவிட்டதால் மழைக்காலத்தில் படியை எண்ணுவது பழக்கமாகிவிட்டது. மின்சாரம் முந்தின இரவே போயிருந்தது. மொட்டை மாடியின் ஒரு மூலையில் மட்டும் போனுக்குச் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைத்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையில் நின்று, வடசென்னையில் எண்ணூர் பக்கம் எர்ணாவூரில் இருக்கும் மாமாவைக் கூப்பிட்டேன். நாலாவது தடவை எடுத்தார். சாப்பாடு இருக்கிறதா, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் என் வாயில் வந்த கேள்வி இதுதான்.

"மாமா, கடல் வாங்குதா?"

"எங்கடா வாங்குது? அலை ஏறி ஏறி வருது. ஆத்துத் தண்ணி அப்படியே நிக்குது. இன்னிக்கு வாங்காது."

போன் கட்டாகிவிட்டது. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. கீழே இறங்கி, தரைத்தளத்தில் இருந்த வயதான தம்பதியின் மாத்திரைகளையும் துணிமணியையும் எங்கள் வீட்டுக்கு மாற்றினோம். அன்று தண்ணீர் இறங்காது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

'கடல் வாங்குவது' என்பது வடசென்னையில் ஆற்றோரம் வளர்ந்தவர்களுக்கு அன்றாடப் பேச்சு. எவ்வளவு மழை பெய்தாலும் கடல் சாந்தமாக இருந்து ஆற்றுத் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டால், வாங்குகிறது. புயல் பக்கத்தில் நின்று கடல் மட்டம் ஏறிவிட்டால் முகத்துவாரத்தில் தண்ணீர் தேங்கி, வந்த வழியே திரும்பத் தொடங்கும். அப்போது வாங்கவில்லை. மிக்ஜாம் புயல் அன்று செய்தது அதுதான். அது கரையைக் கடந்தது மறுநாள், ஆந்திராவின் பாபட்லா பக்கத்தில். ஆனால் அதற்கு முன்னால் சென்னைக்கு அருகே கடலில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டு கொட்டித் தீர்த்துவிட்டது.

சென்னையைப் பற்றி யார் கேட்டாலும் நான் கடற்கரையிலிருந்து ஆரம்பிப்பதில்லை. கரை நெடுகிலும் கடல் இருக்கிறது, ஆனால் நகரத்தின் தண்ணீர் கடலுக்குள் இறங்க நாலே நாலு வாசல்கள்தான் இருக்கின்றன. வடக்கே கொசஸ்தலையாறு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் கூவம். அதற்குத் தெற்கே அடையாறு. அப்புறம் கடைசியாக முட்டுக்காடும் கோவளமும் சேர்கிற இடம். வடகோடி வாசலுக்கும் தென்கோடி வாசலுக்கும் நடுவே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இந்த நாலுக்கும் குறுக்கே, கடற்கரைக்கு இணையாக ஓடி எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போகிறது பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெருநகரத்தின் மழை, சாக்கடை, தொழிற்சாலைக் கழிவு எல்லாமே இந்த நாலு வாசலை நம்பித்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாசலுக்கும் பின்னால் ஒவ்வொரு விதமான சென்னை வளர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இந்த மண் எவ்வளவு தட்டை என்று சொல்லிவிட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து நகரத்தின் சராசரி உயரம் ஏழு மீட்டர்கூட இல்லை. இரண்டு மாடி வீட்டின் உயரம், அவ்வளவுதான். மலை என்று சொல்ல பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று தெற்கே சில குன்றுகள் இருக்கின்றன. இந்தத் தட்டைத்தனத்துக்கு ஒரு பெரிய வரலாற்றுப் பெருமையும் உண்டு. இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைக்கு வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் முதல் அளவுக்கோடு போட்டது இங்கேதான். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி தொடங்கி, பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி வைத்து அளந்தார்கள். 57 நாள் ஆனது. இமயம் வரைக்கும் போன கணக்கு இந்த ஒரு கோட்டிலிருந்து கிளம்பியது. நான் தினமும் வண்டி ஓட்டுவது அந்தக் கோட்டை ஒட்டிய நிலத்தில்தான். அதில் போகும்போது மேடு பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். அரை அடி வித்தியாசத்தில் ஒரு தெரு முழுகும், அடுத்த தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்.

நான் பிறந்தது திருவொற்றியூரில். எங்கள் ஆயா சொல்லுவாள், அவள் கல்யாணமாகி வந்தபோது வீட்டிலிருந்து கடலுக்குப் போக மணலில் நடந்து நடந்து கால் வலிக்குமாம். நான் பார்த்த கடலுக்கு அவ்வளவு நடக்க வேண்டியதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் கருங்கல், கருங்கல்லுக்கு அந்தப் பக்கம் அலை. மழைக்காலத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். அது எங்களுக்கு விளையாட்டு. ஓரத்தில் குப்பத்தில் இருந்தவர்களுக்கு அது வீடு போகிற பயம்.

மணல் எங்கே போனது என்று பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நம் கரையோரம் கடல் நீரோட்டம் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. மதராஸில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட, அங்கிருந்து ஆளையும் சரக்கையும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். இதைச் சரிசெய்ய 1876இல் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 புயலில் அதில் பெரும்பகுதி நொறுங்கியது. விடாமல் மறுபடி கட்டி முடித்தார்கள். கடலுக்குள் நீட்டிய அந்தச் சுவர், வடக்கே போகிற மணலைத் தெற்குப் பக்கமே தடுத்து நிறுத்திவிட்டது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை வந்து போகுமாம். மணல் சேரச் சேரக் கடல் விலகியது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அந்தக் கரையில் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். இன்று சுண்டல் வாங்கிக்கொண்டு அலையைத் தொட நாம் நடக்கிற நீளமான மணல்வெளி துறைமுகத்துக்குப் பிறகு சேர்ந்தது.

அதே காலத்தில் துறைமுகத்துக்கு வடக்கே மணல் வரத்து நின்றுபோனது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. தெரு தெருவாகக் குப்பங்கள் உள்ளே நகர்ந்தன. அப்புறம் கல் கொட்டினார்கள், அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டித் தூண்டில் வளைவு கட்டினார்கள். "அவங்களுக்கு மண்ணு குடுத்தாங்க, நமக்குக் கல்லு" என்று ஆயா சொன்னதை அப்போது கிழவியின் புலம்பல் என்றுதான் நினைத்தேன். நூற்றைம்பது வருடக் கடலோர மாற்றத்தை அவள் ஒரே வரியில் சொல்லியிருக்கிறாள் என்று புரிய எனக்கு முப்பது வயது ஆக வேண்டியிருந்தது. மெரினாவுக்குக் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் அந்த மணலில் ஒரு பங்கு எங்கள் ஊருடையது என்ற நினைப்பு எனக்கு வராமல் இருந்ததில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. பெரும்பாலான சென்னைக்காரர்கள் அதைப் பார்த்ததே இல்லை.

கொசஸ்தலையாறு சின்ன ஆறு இல்லை. நம் நாலு வாசலில் அதுதான் பெரிய வாசல். பூண்டி நீர்த்தேக்கம் அதன் குறுக்கேதான் 1944இல் கட்டப்பட்டது. அந்த ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழையவை. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் பல்லாவரத்தில் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார், அதே வருடம் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். மனிதக் காலடி இவ்வளவு காலமாகப் படிந்திருக்கும் ஆறு கடலில் சேரும் இடம்தான் எண்ணூர். பூண்டி நிரம்பி வழிந்தாலும் புழல் திறந்தாலும் தண்ணீர் இங்கேதான் வந்தாக வேண்டும். சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னை அழைத்துப் போவார். வீச்சு வலையைத் தோளில் போட்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடப்பார். வலை வட்டமாக விரிந்து விழுவதைப் பார்ப்பது அவ்வளவு அழகு. மடவை, கெளுத்தி, இறால் எல்லாம் கிடைக்கும். பெண்கள் தண்ணீருக்குள் குந்தி உட்கார்ந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் பறிக்கூடைக்குள் போடுவார்கள்.

சுற்றிலும் அனல் மின் நிலையங்கள் வந்தன, நிலக்கரிச் சாம்பலைக் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் வந்தன, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. குழாய் ஒழுகி ஒழுகிச் சாம்பல் படிந்து, இடுப்பளவு ஆழம் இருந்த இடம் முழங்காலளவு ஆனது. ஆழம் போனால் மீன் போகும், வெள்ளம் வடிகிற வழியும் போகும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் எண்ணூருக்கு அருகே மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியபோது, ஆட்கள் வாளியால் அதை அள்ளிய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது, இந்த முறை நிலத்தின் பக்கமிருந்து. கூழைக்கடாக்கள் கறுத்துப்போய்ப் பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. மாமா வீட்டுச் சுவரில் இன்னும் அந்தக் கறுப்புக் கோடு இருக்கிறது. வெள்ளையடித்தும் மேலே ஊறி வந்துவிட்டது.

மின்சாரம் வேண்டும், துறைமுகம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நான் இதை எழுதுகிற கம்ப்யூட்டர் ஓடுகிற மின்சாரத்திலும் அங்கே எரிகிற நிலக்கரி இருக்கிறது. என் கேள்வி வேறு. ஒரு நகரம் தன் மிகப் பெரிய வடிகால் வாசலிலேயே சாம்பலைக் கொட்டலாமா? இதைக் கேட்க அறச்சீற்றம்கூடத் தேவையில்லை, வடிகால் கணக்குத் தெரிந்தாலே போதும்.

கூவத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நாற்றத்தைப் பற்றி. நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, தீவுத்திடல் என்பது வெறும் பெயர் இல்லை, ஆற்றின் இரண்டு கைகளுக்கு நடுவில் இருக்கும் உண்மையான தீவு அது. இரண்டு, கூவம் முகத்துவாரம் துறைமுகத்துக்கு மிக நெருங்கிய தெற்கில் இருக்கிறது. மெரினாவை அகலமாக்கிய அதே மணல் கூவத்தின் வாயையும் அடைத்தது. நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். மும்பையைப் போல ஓதம் பெரிதாக ஏறி இறங்கினால் அதுவே தினமும் வாயைக் கழுவிவிடும். இங்கே அந்த வேகம் கிடையாது. ஆற்றிலும் வருடத்தில் முக்கால்வாசி நாள் நல்ல தண்ணீர் ஓடாது. ஆகவே மணல்மேடு விழுகிறது, உள்ளே இருப்பது தேங்கிக் கெடுகிறது. நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் கொஞ்சம் கிழக்கே திரும்பிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கெதிரே தெரியும்.

அடையாற்றுக்கு வருவோம். பெசன்ட் நகரின் உடைந்த பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் பிரம்மஞான சபையின் மரங்கள், இன்னொரு பக்கம் கடல், நடுவில் அகன்ற கழிமுகம். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு அங்கே போய் உட்காருவேன். வடசென்னையிலிருந்து வந்த எனக்கு அந்த இடத்தின் அமைதி ஆச்சரியமாக இருக்கும். ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் ஒரு தடவை பேச்சுக் கொடுத்தேன். "வாடை திரும்பிடுச்சுனா மணல் இந்தப் பக்கமா வரும், அப்ப வாய் தானா தெறந்துக்கும், தம்பி" என்றார். கரையில் மணல் வருடம் முழுக்க ஒரே திசையில் போவதில்லை என்பதைப் பொறியியல் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அவரிடம்தான் கேட்டேன். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கும்போது நீரோட்டமும் திரும்பி வடக்கிலிருந்து தெற்காக ஓடும். மழையும் அதே காற்றோடுதான் வரும். ஆனால் இப்போதெல்லாம் தானாகத் திறக்கும் என்று யாரும் காத்திருப்பதில்லை. மழைக்கு முன்னால் பொக்லைன் வந்து மணலை வெட்டிவிடுகிறது.

2015இல் அந்த வாய் முழுதாகத் திறந்து கிடந்தும் போதவில்லை. அந்த நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. வருடம் முழுவதற்கும் சராசரியே சுமார் 140 சென்டிமீட்டர்தான். ஏரிகள் எல்லாம் நிரம்பி நின்ற நேரத்தில் டிசம்பர் 1ஆம் தேதி பெருமழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். செம்பரம்பாக்கத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். அதற்குத் தெற்கே, அணையே இல்லாத முடிச்சூர், மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் எல்லாம் உடைந்தும் வழிந்தும் அதே ஆற்றில்தான் வந்து விழுந்தன. விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அந்த ஆற்றுக்கு மேலேயே பாலம் போட்டுப் போகிறது. விமானங்கள் தண்ணீரில் நின்றதை உலகமே பார்த்தது.

அந்த ராத்திரி சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த என் நண்பனின் குடும்பம் பக்கத்துப் பள்ளிக்கூட மாடியில் ஏறியது. விடியும்போது அவர்கள் வீடு இருந்த வரிசையே இல்லை. அடுத்த ஒரு வருடத்துக்குள் அவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். லாம்டன் கோடு போட்டு முடித்த அதே பெரும்பாக்கம். ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோய் விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமான கழுவெளியின் விளிம்பு. மிக்ஜாமில் அங்கே தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனது. "ஆத்துல அடிச்சா ஒரு நாள்ல போயிடும், இங்க வந்தா குடித்தனம் பண்ணுது" என்று அவன் அம்மா என்னிடம் சொன்னார். இடையில் 2019இல் நகரத்துக்குக் குடிநீர் தரும் நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் அதே அம்மா, அதே வீட்டில், நள்ளிரவு லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தார். நாலு வருட இடைவெளியில் இரண்டையும் பார்த்துவிட்டார்.

இந்த ஊரின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே நிலத்தின் படம் கிடைக்கும். அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல்: தாங்கல் என்றால் சின்ன ஏரி. மடுவங்கரை: மடுவின் கரை. மணலி, காசிமேடு, மேட்டுக்குப்பம்: மணலும் மேடும். கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொடுத்த ஏழுகிணறு, கடலோர மணலில் தோண்டியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. 1920களில் அந்த நெடிய ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது, பக்கத்துத் தெருக்களை இன்றும் லேக் ஏரியா என்றுதான் ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள். ஏரியைத் தூர்த்தவர்களுக்குப் பெயரைத் தூர்க்க வரவில்லை. வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே புத்திமதி, பத்திரத்தைப் படிப்பதற்கு முன்னால் ஊர்ப் பெயரைப் படியுங்கள் என்பதுதான். நானே அதைக் கேட்கவில்லை. சேரி, பாக்கம் என்ற சொற்களைப் பார்த்தேன், பக்கத்தில் ஏரி இருப்பதையும் பார்த்தேன், ரயில் நிலையம் பக்கம் என்ற சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பழைய கோயில் ஊர்களைப் பாருங்கள். திருவொற்றியூர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், திருவான்மியூர், நாலும் கடலோர மணல் நிலத்தில் உட்கார்ந்திருக்கின்றன. முதலில் குடியேறியவர்களுக்கு எது மேடு என்று தெரிந்திருக்கிறது. நாம் தாமதமாக வந்தவர்கள், மிச்சமிருந்த பள்ளத்தில் வீடு கட்டினோம். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்துவிட்டார்கள். அரக்கோணம் வரை இப்போது பெருநகரம். ஒரு நல்லது, ஆறுகள் வரும் மேல் பகுதியும் ஒரே வரைபடத்துக்குள் வந்திருக்கிறது. எந்த ஏரியின் கலங்கல், அதாவது நிரம்பியபின் தண்ணீர் வழிகிற இடம், எந்த வாசலுக்குப் போகிறது என்று அந்த வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு அப்புறம் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தால் நான் மனதாரக் கைதட்டுவேன்.

இப்போது நாலாவது வாசல், என் வீட்டு வாசல்.

வேளச்சேரியிலிருந்து கடல் நேர்கிழக்கே ஐந்து கிலோமீட்டர்தான். திருவான்மியூர்க் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம். அப்படியிருக்க, எங்கள் தெருத் தண்ணீர் ஏன் கடலுக்குப் போக இத்தனை நாள் எடுக்கிறது என்று 2015இலிருந்து எனக்குள் ஒரு குடைச்சல். விஷயம் எளிமையானது. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோரமாக நீளமான மணல்மேடு ஓடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை போவது அதன் மேல்தான். அந்த மேட்டுக்கு மேற்கே நிலம் தாழ்ந்து கிடக்கிறது. அந்தத் தாழ்வில்தான் பள்ளிக்கரணைக் கழுவெளி. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று ஏரிகள் ஒன்றன் கலங்கல் வழியாக ஒன்று நிரம்பிக் கடைசியில் வந்து சேர்வது அங்கேதான். நேர்கிழக்கே போக முடியாத தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, பல கிலோமீட்டர் தெற்கே நடந்து, முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கும்.

அந்தக் கழுவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றோம். குப்பை மேடு, சாலைகள், அலுவலகங்கள், என்னுடையதைப் போன்ற அடுக்ககங்கள். மிச்சமிருப்பது 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பனிக்காலக் காலைகளில் ரேடியல் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பூநாரைகளைப் பார்ப்பவன் நான். நேரே கடலுக்கு ஒரு கால்வாய் வெட்டிவிடலாமே என்று அடிக்கடி யாராவது யோசனை சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மணல்மேடு வெறும் தடுப்பு இல்லை. மழையைக் குடித்து வைத்திருக்கும் நல்லதண்ணீர்த் தொட்டியும் அதுதான். வெட்டினால் தண்ணீர் வெளியே போகும், உப்பு உள்ளே வரும்.

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தெருத் தண்ணீர் போன வழியிலேயே ஸ்கூட்டரில் போய்ப் பார்ப்பதென்று கிளம்பினேன். ஏரிக்கரையில் ஆரம்பித்து, கழுவெளி ஓரமாக, ஒக்கியம் மடுவுப் பாலத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய பரப்பின் தண்ணீர் நுழைந்து போகிற கழுத்து அது. பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், ஆகாயத்தாமரை மூடிய கால்வாய் அங்கங்கே தலைகாட்டிக்கொண்டு கூடவே வந்தது. சோழிங்கநல்லூருக்குப் பிறகு அகலமானது. முட்டுக்காட்டில் படகுக் குழாம் தாண்டி, பாலத்துக்குக் கீழே இறங்கி, மணலில் முகத்துவாரம் வரை நடந்தேன்.

வாய் திறந்திருந்தது. பச்சையும் பழுப்புமாக உள்தண்ணீர் மெல்ல வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் இடுப்பளவில் நின்று வலை வீசினார்கள். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம் வேளச்சேரியிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க தண்ணி இங்க வர நாலு நாளாச்சு சார். முதல்ல ஆகாயத்தாமரை வந்துச்சு. அப்புறம் சிலிண்டர், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்கூல் பை. பையில நோட்டுப் புத்தகம் எல்லாம் இருந்துச்சு. பேரு அழிஞ்சுபோச்சு. காயவெச்சு வீட்ல வெச்சிருக்கோம், யாராச்சும் தேடி வந்தா குடுக்கலாம்னு."

"இப்ப வாங்குதா அண்ணே?"

அவர் பதில் சொல்லாமல் தண்ணீரில் இறங்கி இரண்டு கால்களையும் ஊன்றி நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் தலையாட்டினார். நானும் பேண்ட்டை மடித்துக்கொண்டு பக்கத்தில் இறங்கி நின்றேன். குதிகாலுக்கடியில் மணல் கடலைப் பார்த்து நழுவிக்கொண்டிருந்தது.